விண்வெளியில் சாப்பாட்டுக் கணக்கு



விண்வெளி வீரர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். கொஞ்சம் கூடுதலாக யோசிக்கிற பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள்: “சாப்பாடு தீர்ந்துபோனால் என்ன செய்வார்கள்?”

அருமையான கேள்வி! இப்படிக் கேட்கத் தோன்றுகிறதே, அதுதான் அறிவியலின் முதல் படி. வாருங்கள், பதிலைத் தேடுவோம்.

நமக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சர்வதேச விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றி வருகிறது. 2000-ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து அங்கே எப்போதும் மனிதர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஏழு பேர் இருப்பார்கள்.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1.8 கிலோ உணவு வேண்டும். உறையின் எடையும் இதில் சேர்த்தி. ஏழு பேருக்கு எவ்வளவு?

7 × 1.8 = 12.6 கிலோ.

முப்பது நாளுக்கு? 378 கிலோ!

பார்த்தீர்களா, ஒரு மாதச் சாப்பாடே இவ்வளவு கனம். இதையெல்லாம் ஆளில்லாத சரக்கு விண்கலங்களில் ஏற்றி, ராக்கெட்டில்தான் மேலே அனுப்ப வேண்டும். ரஷ்யாவின் ப்ராகிரஸ், அமெரிக்காவின் டிராகன், சிக்னஸ் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன.

கனத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. பல உணவுகளை ஈரம் போக உலர்த்தி அனுப்புகிறார்கள். வீரர்கள் பைக்குள் தண்ணீரைச் செலுத்திக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் சாப்பாடு தயார். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வீரர்களின் வியர்வையையும் சிறுநீரையும்கூடச் சுத்தம் செய்து, நல்ல குடிநீராக்கும் இயந்திரங்கள் நிலையத்திலேயே இருக்கின்றன. முகம் சுளிக்காதீர்கள்! அது மிகச் சுத்தமான தண்ணீர்.

இதுவரை புரிந்ததா? சரி, இப்போது ஓர் உண்மைக் கதை.

2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்வெளி ஓடம் விபத்துக்குள்ளானது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடங்கள் எதுவும் பறக்கவில்லை. பெரிய அளவில் பொருள்களைச் சுமந்துபோனவை அந்த ஓடங்கள்தான். அவை நின்றதும், ரஷ்யாவின் சிறிய ப்ராகிரஸ் கலங்களை நம்பியே நிலையம் இயங்க வேண்டியதாயிற்று. அதனால் அங்கே தங்குபவர்களின் எண்ணிக்கையும் இரண்டாகக் குறைந்தது.

2004 அக்டோபரில் லீராய் சியாவ், சலிஜான் ஷாரிபோவ் என்ற இரண்டு வீரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சில வாரங்கள் கழித்து உணவுப் பெட்டிகளை எண்ணிப் பார்த்தார்கள். பட்டியலில் இருந்த அளவு உணவு பெட்டிகளில் இல்லை!

எங்கே போயிற்று? யாரும் திருடவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்த குழுவினர் அனுமதி கேட்டுக்கொண்டு, பின்னால் வருபவர்களுக்கான உணவில் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டிருந்தார்கள். ஆனால் எவ்வளவு எடுக்கப்பட்டது என்பது கணக்கில் சரியாக ஏறவில்லை. அவ்வளவுதான்!

வீரர்கள் இருவரும் வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிடத் தொடங்கினார்கள். அடுத்த கலம் வந்து சேராவிட்டால், நிலையத்தைப் பூட்டிவிட்டு இருவரும் பூமிக்குத் திரும்ப வேண்டியதுதான். எல்லோரும் கவலையோடு காத்திருந்தார்கள். டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில், சுமார் இரண்டரை டன் பொருள்களோடு ப்ராகிரஸ் வந்து நிலையத்தோடு இணைந்தது. உள்ளே உணவுப் பெட்டிகள்! அவர்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறென்ன இருக்க முடியும்?

இந்தக் கதையில் முக்கியமான விஷயம் எது, சொல்லுங்கள் பார்ப்போம். உணவை எடுத்தது தப்பில்லை. எடுத்ததைச் சரியாக எழுதாமல் விட்டதுதான் சிக்கலைக் கொண்டுவந்தது.

நம் வீட்டில் அரிசி டப்பாவைத் திறந்தாலே, இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று அம்மா சொல்லிவிடுவார். குறைந்தால் தெருமுனைக் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வரலாம். விண்வெளி நிலையத்தில் இந்த இரண்டுமே முடியாது. அங்கே கடை இல்லை. திறந்து பார்த்தவுடன் கணக்குச் சொல்ல ஒரே டப்பாவும் இல்லை. உணவுப் பைகள் பல பெட்டிகளில், பல அறைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும்.

அதனால் என்ன செய்கிறார்கள்? கடையில் வாங்கும் பிஸ்கட் உறையில் கறுப்புக் கோடுகள் இருக்குமே, பார்கோடு, அதுபோன்ற அடையாளம் அங்குள்ள பொருள்களிலும் உண்டு. ஒரு பொருளை எடுத்தாலோ இடம் மாற்றினாலோ, அந்தக் கோடுகளைப் படிக்கும் கருவியைக் காட்டிப் பதிவு செய்கிறார்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்பதைப் பூமியில் இருக்கும் கட்டுப்பாட்டு மையத்திலும் பார்க்கலாம். அதைக் கவனிப்பதற்கென்றே அங்கே தனி அதிகாரிகள் இருக்கிறார்கள்.

பெட்டிகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இறைச்சி, காய்கறி, காலை உணவு, இனிப்பு என்று வகைவகையாகப் பிரித்திருப்பார்கள். ஒரு தொகுதி இத்தனை நாளுக்கு என்று திட்டமும் இருக்கும். பிடித்ததை முதல் நாளே தின்று தீர்த்துவிட்டு அடுத்த பெட்டியை உடைக்கக் கூடாது.

இவ்வளவு கவனமாக இருந்தும் பொருள்கள் காணாமல் போகும். ஏன் தெரியுமா? அங்கே எதையும் ‘வைக்க’ முடியாது. கையை விட்டால் அது மிதந்து போய்விடும்.

ஃபிராங்க் ரூபியோ என்ற வீரர் நிலையத்தில் தக்காளி வளர்த்தார். அறுவடை செய்தபோது, அவர் பறித்த தக்காளி சின்னப் பையோடு எங்கோ மிதந்து போய்விட்டது. பல மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. “நீங்களே சாப்பிட்டிருப்பீர்கள்!” என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர் பூமிக்குத் திரும்பிய பிறகு, 2023 டிசம்பரில் நிலையத்தில் இருந்தவர்கள் அந்தத் தக்காளி கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குள் அது காய்ந்து சுருங்கிப் போயிருந்தது.

ஆக, முதல் பாடம்: எண்ணி எழுதி வை. இரண்டாவது பாடம் ஒன்றும் இருக்கிறது. அது என்ன?

2014 அக்டோபர் 28 அன்று, சிக்னஸ் கலத்தைச் சுமந்த ராக்கெட் கிளம்பிய சில நொடிகளில் வெடித்தது. 2015 ஏப்ரல் 28 அன்று கிளம்பிய ப்ராகிரஸ் கட்டுப்பாட்டை இழந்து நிலையத்துக்குப் போகாமலே எரிந்துபோனது. ஜூன் 28 அன்று டிராகனைச் சுமந்த ராக்கெட் நடுவானில் உடைந்தது. எட்டு மாதத்தில் மூன்று சரக்குக் கலங்கள் போயின!

நிலையத்தில் இருந்தவர்கள் பட்டினி கிடந்தார்களா? இல்லை. சரக்குக் கலம் வராவிட்டாலும் சில மாதங்களைச் சமாளிக்கும் அளவுக்குக் கூடுதல் உணவு அங்கே இருந்தது. ஜூலை 5 அன்று அடுத்த ப்ராகிரஸ் பத்திரமாக வந்து சேர்ந்தது. இருப்பு வைத்திருந்ததால் யாரும் பயப்பட வேண்டியிருக்கவில்லை. ஆக, இரண்டாவது பாடம்: கூடுதலாக இருப்பு வை.

சரி, நிலையம் பக்கத்தில் இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்துக்குப் போவதென்றால்? போய்த் திரும்பச் சுமார் மூன்று ஆண்டுகள் ஆகும். நடுவழியில் எந்தச் சரக்குக் கலமும் வராது. நான்கு பேர் 1,000 நாளுக்குப் போனால்,

4 × 1.8 × 1,000 = 7,200 கிலோ.

ஏழு டன்னுக்கும் மேல்! இன்னொரு சிக்கலும் உண்டு. உணவை நெடுநாள் வைத்திருந்தால் சில சத்துகள் மெல்ல மெல்லக் குறையும். வைட்டமின் சி அப்படிப்பட்டது. அதனால்தான் விண்வெளியிலேயே கீரை, காய் வளர்த்துப் பழகுகிறார்கள். 2015 ஆகஸ்டில் நிலையத்தில் விளைந்த சிவப்பு லெட்யூஸ் கீரையை வீரர்கள் பறித்து, அங்கேயே சாப்பிட்டார்கள். ஆளுக்குச் சில இலைகள்தான். ஆனாலும் அது பெரிய தொடக்கம்.

இனி உங்கள் முறை, குட்டி விஞ்ஞானிகளே! நீங்கள்தான் செவ்வாய்ப் பயணத்தின் உணவு அதிகாரி. ஆறு பேர் போகிறார்கள். 900 நாள் பயணம். ஆபத்துக்கு உதவ, நான்கில் ஒரு பங்கு கூடுதலாக இருப்பு வைக்க வேண்டும். மொத்தம் எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்?

முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். அப்புறம் அடுத்த வரியைப் படியுங்கள்.

12,150 கிலோ என்று வந்ததா? சபாஷ்! 9,720 என்று வந்திருந்தால், பெருக்கலில் பிழை இல்லை. இருப்பைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள். சேர்த்துவிட்டு மறுபடியும் போடுங்கள்.