கழுத்துவலியும் கைச்சிகிச்சையும்: ஹார்மோன்கள் கூறுவது என்ன?

கணினியையும் கைப்பேசியையும் குனிந்து நோக்கியே பொழுதைக் கழிக்கும் இக்காலத்தில் கழுத்துவலியை அறியாதோர் சிலரே. இவ்வலிக்கு இயன்முறை மருத்துவர்கள் தம் கைகளால் தசைகளைத் தளர்த்தியும் மூட்டுகளை மெல்ல அசைத்தும் சிகிச்சை அளிக்கின்றனர். வலி தணிவதோடு ஹார்மோன்களும் சீராகும் என்று சிலர் உறுதி கூறுவதுண்டு. பல அமர்வுகளுக்கு முன்பணம் செலுத்துமுன் இக்கூற்றின் உண்மையை அறிந்துகொள்வது நலம்.

மனஅழுத்த ஹார்மோன் எனப்படும் கார்டிசோலை, சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கின்றன. இது உடலுக்குப் பகையன்று. அழற்சியை அடக்குவதும் நெருக்கடியில் ஆற்றலைத் திரட்டித் தருவதும் இதன் பணிகளே. இதன் அளவு காலையில் உயர்ந்தும் நள்ளிரவில் தாழ்ந்தும் இருப்பது இயல்பு. ஆகவே, காலையில் அளந்த கார்டிசோல் மாலையில் குறைந்திருப்பின், அதனைச் சிகிச்சையின் பயன் என்று கருதிவிட இயலாது.

2014-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் வலியில்லாத 30 மாணவர்கள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்குக் கழுத்திலும் மற்றொரு குழுவினருக்கு மேல்முதுகிலும் மூட்டுகள் விரைந்து அசைக்கப்பட்டன. மூன்றாம் குழுவினருக்குச் சிகிச்சை இல்லை. சிகிச்சை பெற்ற இரு குழுக்களிலும் ஆக்சிடோசின் உடனே உயர்ந்தது. கழுத்தில் சிகிச்சை பெற்றோருக்குக் கார்டிசோல் குறையவில்லை. மாறாகச் சற்றே உயர்ந்தது! இரண்டு மணி நேரத்திற்குப் பின் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மசாஜ் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளிவந்த மதிப்பாய்வும், கார்டிசோலில் அதன் விளைவு மிகச் சிறிதே எனக் கண்டது.

இதனால் கைச்சிகிச்சை பயனற்றது என்று பொருளன்று. அது கழுத்துவலியைத் தற்காலிகமாகத் தணிக்க வல்லது. உடற்பயிற்சியும் சேரும்போது பலன் கூடும். ஆனால் அது ஹார்மோன் நோய்களுக்கு மருந்தாகாது. அதனை நம்பித் தைராய்டு, நீரிழிவு மாத்திரைகளை நிறுத்துதல் கூடாது.

மற்றுமோர் எச்சரிக்கை: முடிதிருத்தும் நிலையங்களில் கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கத்தைத் தவிர்த்திடுக. கழுத்தெலும்புகளினூடே மூளைக்குச் செல்லும் தமனி கிழிந்து, அரிதாகப் பக்கவாதம் நேர்வதுண்டு. கை மரத்துப்போதல், வலுவிழத்தல், காய்ச்சல், திடீரெனத் தோன்றும் கடும் தலைவலி, பேச்சுக் குழறல் ஆகியவை இருப்பின் முதலில் மருத்துவரை நாட வேண்டும்.

சிகிச்சையாளர் முறையாகப் பயின்றவரா என்பதைக் கேட்டறியுங்கள். சில அமர்வுகளுக்குப் பின் கழுத்து எளிதாகத் திரும்புகிறதா, உறக்கம் கலையாதிருக்கிறதா, அன்றாடப் பணிகள் இயல்பாக நடைபெறுகின்றனவா என்று பாருங்கள். சிகிச்சையைத் தொடர்வதா என்பதை ஹார்மோன் பரிசோதனையைவிட இவையே தெளிவாகக் காட்டும்.