சாயும் ஸ்டீயரிங் மக்கர் செய்தால்: பழைய கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

நேமத்தான்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில், பூட்டிய பெரிய வீட்டோடு தாத்தா காலத்துக் காரும் மாதக்கணக்கில் நிற்பதுண்டு. உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் ஊருக்கு வருவார்கள். வந்த அவசரத்தில் வண்டியைக் கிளப்பும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. ஓடாமல் நிற்கும் காரில் ரப்பர் பாகங்கள் கெட்டுப்போகும்.

ரப்பர் குழாய்களையே நம்பி இயங்கும் ஒரு வசதி, வேக்குவத்தால் சாயும் ஸ்டீயரிங். 1967 முதல் வந்த ஃபோர்டு தண்டர்பேர்டு கார்கள் இதற்குப் பேர்பெற்றவை. கியரைப் பார்க்கில் வைத்து ஓட்டுநர் கதவைத் திறந்தால், இறங்க வசதியாக ஸ்டீயரிங் தானே விலகிக்கொள்ளும். எஞ்சின் மானிஃபோல்டில் உண்டாகும் வேக்குவம் ஒரு தொட்டியில் சேர்ந்து, வால்வு வழியாக ஒரு டயாஃப்ரத்தை இழுக்கிறது. அது பூட்டை விடுவிக்க, ஸ்டீயரிங் தண்டு சாய்கிறது.

எங்கே கோளாறு?

முதலில் மற்ற வேக்குவ வசதிகளைப் பாருங்கள். அந்த 1967 – 69 தண்டர்பேர்டுகளில் முகப்பு விளக்கு மூடிகளும் வேக்குவத்தில்தான் திறக்கும். அவையும் மந்தமானால் பொதுக் குழாயிலோ தொட்டியிலோ கசிவு இருக்கலாம். ஸ்டீயரிங் மட்டும் அசையாவிட்டால் அதன் தனிக் குழாய், வால்வு, டயாஃப்ரம், கதவு சுவிட்ச் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

நல்ல எஞ்சின் ஐடிலில் ஏறக்குறைய 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு வரை வேக்குவம் காட்டும். கைப் பம்பால் டயாஃப்ரத்தை இழுத்துப் பிடித்தால் பம்பின் அளவுமானி முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. ஒருவழி வால்வு ஒரு பக்கம் மட்டுமே காற்றை விட வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க ஓடும் எஞ்சின் மேல் பெட்ரோல் தெளிப்பதை அனுமதிக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

உயிருக்கு ஆபத்து எது?

ஸ்டீயரிங் சாயாவிட்டால் அசௌகரியம் மட்டுமே. ஓட்டும் நிலையில் அது உறுதியாகப் பூட்டிக்கொள்ளாவிட்டால்தான் ஆபத்து. தண்டு ஆடினால் வண்டியை எடுக்காதீர்கள். முரட்டுத்தனமாக இழுக்கவும் வேண்டாம். பிரேக் பூஸ்டருக்கும் மானிஃபோல்டு வேக்குவமே ஆதாரம், அதனால் அதையும் சோதியுங்கள். எஞ்சினை நிறுத்தி பிரேக்கைப் பலமுறை அழுத்திவிட்டு, பெடலில் காலை வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையும் அதன் குழாயையும் சரிபார்க்காமல் சாலைக்குப் போகக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சேஸி, பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத வாகனம் வின்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே இப்படிப் பதிந்த வண்டியைச் சாலையில் ஓட்டலாம். வாடகைக்கு விடுவது போன்ற வணிகப் பயன்பாட்டுக்கு இடமில்லை. சாலையில் ஓட்ட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்.

ஏமாற்றப்பட்டால்?

பழுதுபார்ப்பும் ஒரு சேவை. குறைபாடு இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமில்லை. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். ஒப்படைத்த காரைத் தகுந்த அக்கறையோடு பாதுகாப்பது பட்டறையின் கடமை. அதேபோல், செய்த வேலைக்கு உரிய கூலி தராவிட்டால் வண்டியை நிறுத்தி வைக்க 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு மெக்கானிக்குக்கு உரிமை தருகிறது.

எனவே வண்டியை விடும்போதே படம் எடுங்கள். வேலை விவரத்தையும் தொகையையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். அசல் பாகம் தொலைந்தால் மறுபடி கிடைப்பது அரிது. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஊருக்கு வருமுன்னரே காரைச் சோதிக்க ஏற்பாடு செய்துவிடுங்கள். விசேஷ நாளன்று காலையில் சோதிக்க நேரம் இருக்காது.