வீடு விற்பனைக்கு: அமெரிக்காவின் இணையப் பட்டியல் விதிகள்

அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் பெரும்பாலான வீடுகளின் விவரம் முதலில் ஏறும் இடம் எம்.எல்.எஸ். எனப்படும் கூட்டுப் பட்டியல். அந்தந்த வட்டாரத் தரகர்கள் சேர்ந்து பயன்படுத்தும் தரவுத்தளம் இது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தரகர்கள் ஓரிடத்தில் கூடித் தங்கள் கைவசமிருந்த வீடுகளின் விவரங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். வாங்குபவரை அழைத்துவரும் தரகருக்குத் தரகில் பங்கு கிடைத்தது. அந்த வழக்கமே வளர்ந்து எம்.எல்.எஸ். ஆனது. இன்று ஜில்லோ, ரெட்ஃபின், ரியல்டர்.காம் போன்ற தளங்களில் மக்கள் பார்க்கும் வீடுகளில் பெரும்பகுதி இந்தப் பட்டியல்களிலிருந்தே செல்கிறது. ஆகவே பட்டியலின் விதிகளே வீட்டு விளம்பரத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன.

இவற்றில் முக்கியமானது, தேசிய ரியல்டர்கள் சங்கம் 2019 நவம்பரில் ஏற்ற 'க்ளியர் கோஆபரேஷன்' விதி. ஒரு வீட்டைப் பொதுவில் விளம்பரப்படுத்தினால், அடுத்த ஒரு வேலை நாளுக்குள் அதை எம்.எல்.எஸ்.ஸில் தரகர் பதிய வேண்டும். வாசலில் நடும் பலகை, இணையப் பதிவு, பலருக்கும் அனுப்பும் மின்னஞ்சல் எல்லாமே பொது விளம்பரம்தான். வெளியே விளம்பரம் செய்யாமல் தம் நிறுவனத்தின் தரகர்களுக்குள் மட்டும் சொல்லி விற்பதற்கு இதில் விலக்கு உண்டு.

விற்பவருக்கு நேரமும் ஒரு கவலை. வீடு எத்தனை நாளாக விற்காமல் இருக்கிறது, விலை எப்போது குறைந்தது என்பவை இணையத்தில் பலர் கண்ணிலும் படுகின்றன. நாள் கூடக்கூட, 'இந்த வீட்டில் ஏதோ குறை இருக்கிறது' என்ற எண்ணம் எழுந்து பேரம் கடுமையாகிறது. அதனால் பல பட்டியல்கள் 'விரைவில் விற்பனைக்கு' என்ற நிலையை அனுமதிக்கின்றன. அந்த நிலையில் நாள் கணக்கு பொதுவாக ஓடாது. அதற்கு ஈடாக, வீட்டைச் சுற்றிக்காட்டவும் பெரும்பாலும் அனுமதி இல்லை.

2025 மார்ச்சில் ரியல்டர்கள் சங்கம் 'க்ளியர் கோஆபரேஷன்' விதியை வைத்துக்கொண்டே இன்னொரு வழியைத் திறந்தது. விற்பவர் எழுத்து மூலம் சம்மதித்தால், எம்.எல்.எஸ்.ஸில் ஏறிய வீட்டைப் பொதுத் தளங்களுக்குச் சில காலம் அனுப்பாமல் வைக்கலாம். எத்தனை நாள் என்பதை அந்தந்த எம்.எல்.எஸ். முடிவுசெய்யும். ஜில்லோ எதிர்த்திசையில் சென்றது. சிலருக்கு மட்டும் விளம்பரப்படுத்திவிட்டு ஒரு வேலை நாளுக்குள் எல்லோருக்கும் திறக்காத வீட்டைத் தன் தளத்தில் காட்டுவதில்லை என்று 2025 கோடையில் நடைமுறைப்படுத்தியது. தனிப்பட்ட விளம்பரத்தை ஆதரிக்கும் காம்பஸ் என்ற தரகு நிறுவனம் இதை எதிர்த்து அவ்வாண்டு ஜூனில் வழக்குத் தொடுத்தது.

இரு தரப்புக்கும் காரணங்கள் உண்டு. பிரபலங்கள், மணமுறிவில் இருப்பவர்கள், வீட்டில் நோயாளி உள்ளவர்கள் அமைதியாக விற்க விரும்புவது நியாயமே. விலையைச் சோதித்துப் பார்க்கவும் அது உதவும். ஆனால் பார்ப்பவர் குறைந்தால் போட்டியும் குறையும். அந்த இழப்பு விற்பவரின் கைக்கு வரும் தொகையில் விழுகிறது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே நிறுவனத்துக்குள் அமைந்தால், இரு பக்கத் தரகும் அந்த நிறுவனத்துக்கே சேரும். தரகர் வட்டத்தில் இல்லாத குடும்பங்களுக்கு வீடு விற்பனைக்கு வந்த செய்தியே எட்டாது.

விளம்பர வாசகத்துக்கும் படத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. 1968-இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் இனம், நிறம், மதம், பாலினம், உடற்குறை, குழந்தையுள்ள குடும்பம், பூர்விக நாடு ஆகியவற்றை வைத்து வேறுபாடு காட்டும் விளம்பரத்தைத் தடுக்கின்றன. 'குழந்தைகள் இல்லாத தம்பதிக்கு ஏற்றது' என்று எழுதுவதுகூடத் தவறு. வெற்று அறையில் கணினி மூலம் சோபாவும் கட்டிலும் போட்டுக் காட்டும் படத்தில் அதைச் சொல்லிவிட வேண்டும் எனப் பல பட்டியல்கள் கேட்கின்றன.

2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் தரகருக்கு எவ்வளவு தரகு தரப்படும் என்பதை எம்.எல்.எஸ்.ஸில் குறிப்பிடவும் தடை வந்தது. சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட வழக்குச் சமரசத்தின் விளைவு இது. பட்டியலுக்கு வெளியே பேசிக்கொள்ளத் தடையில்லை.

அந்தரங்கம் காக்கத் தனிக் காரணம் இல்லாத குடும்பத்துக்கு, முதல் நாளிலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி வீட்டைப் பட்டியலிடுவதே நல்லது. தரகர் வேறு வழி சொன்னால், அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்திட வேண்டும்.