பூட்டிய உறையில் போகும் டாக்டர் பில்

எங்கள் தெருவில் ஒரு பெண், நாமெல்லாம் விளக்கேற்றுகிற நேரத்தில் வேலைக்குக் கிளம்புவாள். "அமெரிக்காக்காரனுக்கு ஜுரம் வந்தா இங்கேருந்து நான் பில் போடணும் அக்கா" என்று சிரிப்பாள். மெடிக்கல் பில்லிங்! சென்னையிலும் திருச்சியிலும் எத்தனையோ பெண்கள் பார்க்கிற வேலைதான். 'அடுத்தவர் வியாதி விவரமெல்லாம் இத்தனை தூரம் போகிறதே, நடுவில் யாராவது பிரித்துப் படித்துவிட மாட்டார்களா?' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்துக் கேட்டேன்.

அமெரிக்காவில் டாக்டர் பில் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத்தான் போகும். 1996-ல் வந்த 'ஹிப்பா' சட்டத்தை ஒட்டி, கம்ப்யூட்டரில் போகும் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரே அச்சு வகுத்திருக்கிறார்கள். பில்லுக்கு 837 என்று எண். பணம் வந்த விவரத்துக்கு 835. 'இந்த நோயாளிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?' என்று கேட்க 270. அதற்குப் பதில் 271. இப்படிக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்கிற இரு தரப்புக்கும் 'டிரேடிங் பார்ட்னர்' என்று பெயர்.

பூட்டு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டுகளை ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, சாவியை மட்டும் நீங்கள் இடுப்பில் செருகிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்களேன். யார் வேண்டுமானாலும் உங்களுக்குப் பெட்டியைப் பூட்டி அனுப்பலாம். திறக்க உங்களால் மட்டுமே முடியும். பெட்டி வந்து சேர்ந்ததும், அந்தக் கால ரிஜிஸ்தர் தபாலில் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வருமே, அதுபோல ஒரு ரசீதும் அனுப்பியவருக்கு வந்துவிடும்.

ஆனால் ஆயிரக்கணக்கான டாக்டர்களும் நூற்றுக்கணக்கான கம்பெனிகளும் நேருக்கு நேர் பூட்டும் சாவியும் மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் நடுவில் ஒரு தபாலாபீஸ் மாதிரி 'கிளியரிங் ஹவுஸ்'. கட்டை அங்கே திறப்பார்கள். முதல் வரியில் சரியாக 106 எழுத்து. அனுப்புகிறவர், பெறுகிறவர் அடையாளமெல்லாம் அதில்தான். அதைப் பார்த்துப் பிரித்து, மறுபடி பூட்டி, உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். வழியெல்லாம் பூட்டு, நடுவில் ஒரே இடத்தில் எல்லாம் திறந்திருக்கும். எனக்கு அங்கேதான் வயிற்றில் புளியைக் கரைத்தது!

பயந்தது வீண் போகவில்லை. அப்படிப்பட்ட நடுநிலையங்களில் மிகப் பெரியது, யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் 'சேஞ்ச் ஹெல்த்கேர்'. வருஷத்துக்குச் சுமார் 1,500 கோடி பரிமாற்றங்கள் அதன் வழியே போய்க்கொண்டிருந்தன. 2024 பிப்ரவரி 12 அன்று திருடர்கள் யாருடைய பாஸ்வேர்டையோ வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். வெளியிலிருந்து நுழையும் அந்த வாசலில், பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாவது சோதனை எதுவும் இல்லை. நம் வீட்டுக்கு சிலிண்டர் கொண்டு வருகிற பையன்கூட போனில் வந்த நம்பரைக் கேட்கிறான்!

ஒன்பது நாள் கழித்து, 21-ம் தேதி, அதே பூட்டு வித்தையை அவர்கள் மேலேயே திருப்பினார்கள். கம்ப்யூட்டர்களைப் பூட்டி, சாவிக்கு விலை கேட்டார்கள். நாடெங்கும் மருந்துக் கடைகளில் 'இன்ஷூரன்ஸ் உண்டா?' என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. ஜுரத்தில் துவளும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவளும் சரி, இன்சுலின் தீர்ந்துபோன பாட்டியும் சரி, முழு விலையையும் கையிலிருந்து கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். சின்ன டாக்டர்களுக்கோ, பில் போக வழியில்லாமல் வாரக்கணக்கில் வரும்படி இல்லை. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சங்கம் மார்ச்சில் ஏறக்குறைய ஆயிரம் ஆஸ்பத்திரிகளைக் கேட்டதில், 74 சதவிகிதம் நோயாளிகளின் கவனிப்பே நேரடியாகப் பாதிக்கப்பட்டதாகச் சொன்னன.

கம்பெனி 2 கோடியே 20 லட்சம் டாலர் கப்பம் கட்டியது. வாசலில் இரண்டாவது தாழ்ப்பாள் இல்லாததை அதன் தலைவர் ஆண்ட்ரூ விட்டி மே 1 அன்று செனட் சபை முன்பு ஒப்புக்கொண்டார். யார் யாருடைய விவரமெல்லாம் போயிற்று என்று எண்ணி முடிக்க 2025 ஆகிவிட்டது. சுமார் 19 கோடிப் பேர்.

"பூட்டு உடையவே இல்லே அக்கா" என்றாள் அந்தப் பெண், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு. "கதவைத்தான் யாரும் சரியா சாத்தலே."