அட்டையில் தேர், உள்ளே கட்டை வண்டி!

செல்போன் விளையாட்டுகளின் விளம்பரத்தை எடை போடுவது எப்படி?

கூடையின் மேல் வரிசையில் பளபளக்கும் மாம்பழம், அடியில் வெம்பல். இது சந்தையில் பழைய தந்திரம். அனுபவப்பட்டவர்கள் கையை உள்ளே விட்டு ஒரு பழத்தை எடுத்துப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள்.

செல்போனில் கிடைக்கும் வீடியோ விளையாட்டுகளுக்கும் இப்படி ஒரு மேல் வரிசை உண்டு. சதுரமான சின்னம், ஐந்தாறு காட்சிப் படங்கள், இரண்டு வரி விளம்பர வாசகம் ஆகியவையே அவை.

வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய பின்னும், ஊருக்குப் போகும் ரயிலிலும் பொழுது போக்க இத்தகைய விளையாட்டுகளை இறக்கிக் கொள்பவர்கள் ஏராளம். ஊரில் பிள்ளைகள் கையில் இருப்பதும் பல வீடுகளில் அப்பா வாங்கி அனுப்பிய போன்தான். ஆகவே அட்டையைப் படிக்கத் தெரிந்து கொள்வது கைக்காசைக் காப்பாற்றும் வழியாகும்.

ஓவியமும் சதுரமும்

அட்டைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள இடைவெளி புதிதல்ல. 1977-ல் அமெரிக்காவின் அட்டாரி கம்பெனி, டெலிவிஷனில் இணைத்து ஆடும் இயந்திரத்தை வெளியிட்டது. ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனி அட்டைப் பெட்டியில் வந்தது. கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் பெட்டிகளுக்குப் படம் தீட்டினார்கள். பாயும் விமானம், சீறும் டாங்கி, பறக்கும் பந்தயக் கார் என்று அவை கண்ணைப் பறித்தன.

திரையில் தெரிந்ததோ சில சதுரங்களும் கோடுகளும்தான். அந்த இயந்திரத்தின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். ஒரு தபால் கார்டில் எழுதும் சேதிகூட அதில் அடங்காது.

என்றாலும் அந்த ஓவியங்களை மோசடி என்று தள்ளிவிட முடியாது. பெட்டியில் கார்ப் பந்தயம் என்றால் உள்ளேயும் கார்ப் பந்தயமே இருந்தது. அழகு கூடியிருந்தது, பொருள் மாறவில்லை. எந்த அட்டையையும் எடை போட இதுவே முதல் அளவுகோல்.

1982-ல் அதே கம்பெனி, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் "ஈ.டி." படத்தின் பெயரில் ஒரு விளையாட்டைக் கொண்டு வந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக அவசர அவசரமாக, சுமார் ஐந்து வாரங்களில் அது தயாரிக்கப்பட்டது. பெட்டியில் எல்லோருக்கும் பிடித்த வேற்றுக்கிரகப் பிராணி. ஆட்டத்திலோ குழியில் விழுவதும் எழுவதுமே மிச்சம் என்று வாங்கியவர்கள் சலித்துக் கொண்டார்கள். விற்காத சரக்கு 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமோகோர்டோ ஊரின் குப்பை மேட்டில் கொட்டிப் புதைக்கப்பட்டது. 2014-ல் அந்த இடத்தைத் தோண்டியபோது "ஈ.டி." பெட்டிகளும் வெளிவந்தன.

செலவு பின்னால் வருகிறது

அட்டாரி பெட்டியை வாங்கியவர் ஏமாந்தாலும் ஒரு முறைதான் ஏமாந்தார். பெட்டியின் விலையோடு நஷ்டம் முடிந்தது.

இன்று நிலைமை வேறு. செல்போன் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இலவசமாகவே இறங்குகின்றன. பிறகு நடுநடுவே விளம்பரம் காட்டியும், கூடுதல் வாய்ப்பு, நாணயம், பெட்டகம் என்று உள்ளே விற்றும் கம்பெனிகள் சம்பாதிக்கின்றன. வாசல் வரை அழைத்து வருவதோடு அட்டையின் வேலை முடிந்துவிடுகிறது. அதனால்தான் அட்டையில் எதையாவது காட்டி ஆளை இழுக்கும் ஆசை வருகிறது.

இதற்கு உதாரணமாகப் பலரும் சொல்வது பிளேரிக்ஸ் கம்பெனியின் "ஹோம்ஸ்கேப்ஸ்", "கார்டன்ஸ்கேப்ஸ்" ஆகிய இரு விளையாட்டுகள். ஆணிகளை உருவி ஆபத்திலிருந்து ஆளைக் காப்பாற்றும் புதிர்கள் விளம்பரத்தில் காட்டப்பட்டன. இறக்கியவர்கள் கண்டதோ, ஒரே மாதிரிப் பொருள்களை மூன்று மூன்றாகச் சேர்க்கும் ஆட்டம். "காட்டிய புதிர்களும் உள்ளே இருக்கின்றன" என்று கம்பெனி வாதாடியது. ஆனால், "அவை ஆட்டத்தின் பெரும்பகுதியைப் பிரதிபலிக்கவில்லை. எல்லாப் படமும் உண்மையான ஆட்டம் அல்ல என்று ஒரு வரி சேர்த்தால் போதாது" என்ற கருத்துடன், பிரிட்டனின் விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு 2020-ல் அந்த விளம்பரங்களுக்குத் தடை விதித்தது.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் காட்சிப் படங்கள். உண்மையான ஆட்டத்தின் படத்தில் மதிப்பெண், கட்ட எண், மீதமுள்ள வாய்ப்பு போன்றவை ஓரத்தில் தெரியும். அழும் முகமும் எரியும் வீடும் மட்டுமே தெரிந்து இவை எதுவும் காணப்படாவிட்டால் சந்தேகப்படலாம்.

இரண்டாவது வாசகம். கூகுள் பிளே ஸ்டோரில் விளையாட்டின் பெயருக்கு 30 எழுத்து, சுருக்க வாசகத்துக்கு 80 எழுத்து என்று எல்லை உண்டு. பெயரிலும் சின்னத்திலும் "நம்பர் 1", "இலவசம்" போன்ற பெருமைச் சொற்கள் கூடாது என்றும் 2021-ல் விதி அறிவிக்கப்பட்டது. இந்தச் சிறிய இடத்தில், ஆடுபவர் என்ன செய்ய வேண்டும், இணையம் இல்லாமல் ஆட முடியுமா என்று சொன்னால் அது நல்ல வாசகம். "அற்புதம்", "அபாரம்" என்று மட்டும் முழங்கினால் சொல்ல வேறு சரக்கு இல்லை என்று பொருள்.

மூன்றாவது, பலரும் பார்க்காமல் விடும் சிறிய வரி. விளம்பரங்கள் உண்டு, உள்ளே பணம் கொடுத்து வாங்கும் பொருள்கள் உண்டு என்று பெயருக்கு அருகிலேயே பொடி எழுத்தில் இருக்கும். விவரப் பகுதியைத் திறந்தால் ஒரு பொருளின் விலை எத்தனை ரூபாயிலிருந்து எத்தனை ரூபாய் வரை என்பதும் தெரியும். 2012-ல் வந்த "கேண்டி கிரஷ் சாகா"வின் அட்டையில் மிட்டாய், ஆட்டத்திலும் மிட்டாய். படத்தில் பொய் இல்லை. ஆனாலும் வாய்ப்புகள் தீர்ந்ததும் கூடுதல் வாய்ப்பை விலைக்கு விற்கிறது. அதைப் படம் சொல்லாது. பொடி எழுத்துதான் சொல்லும்.

நான்காவது, ஆடியவர்களின் கருத்து. ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியை விட, இரண்டு மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதிய காரணமே அதிகம் பயன்படும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தவறான விளம்பரம் கொடுப்பவருக்கு 10 லட்ச ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்ச ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. பெரிய எழுத்தில் சொன்ன தவறான தகவலைப் பொடி எழுத்தில் திருத்தித் தப்பிக்கக் கூடாது என்கின்றன 2022-ல் வந்த வழிகாட்டு விதிகள். விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் எச்சரிக்கையும் இருக்க வேண்டும். தமிழில் ஆசை காட்டி, ஆங்கிலத்தில் எச்சரிப்பது விதிமீறல். ஒன்றைக் காட்டி வேறொன்றைத் தலையில் கட்டுவதை 2023-ம் ஆண்டு விதிகள் தடை செய்யப்பட்ட ஏமாற்று உத்திகளில் ஒன்றாகவே பட்டியலிட்டுள்ளன.

"ஆடினால் பணம்" என்ற வாசகம் கண்ணில் பட்டால் இரட்டை எச்சரிக்கை தேவை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் தடை செய்யும் சட்டத்தை 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிளே ஸ்டோரில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம். பிள்ளைகள் கையில் உள்ள போனில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ரகசியச் சொல் கேட்கும்படி அமைத்து வைப்பது நல்லது.

அடுத்த முறை வண்ணப் படம் ஒன்று கண் சிமிட்டி அழைக்கும்போது, விரல் இறக்கும் பொத்தானுக்குப் போகும் முன் கண் அந்தப் பொடி எழுத்துக்குப் போகட்டும். அரை நிமிடத்தில் முடியும் இந்த வேலை, அரை மாதக் கூலியைக்கூடக் காப்பாற்றக்கூடும்.