நடன எதிர்ப்பு ஊர்வலம்

நடன எதிர்ப்பு ஊர்வலம் என்பது, பெருவணிகத்திற்கு வெளியே வளரும் மின்னணு நடன இசையையும் அதனைச் சார்ந்த மாற்றுப் பண்பாட்டுக் குழுக்களையும் காக்கும் பொருட்டு, தெருவில் இசைத்தும் ஆடியும் நடத்தப்படும் போராட்ட வடிவம் ஆகும். ஒலிபெருக்கிகள் பொருத்திய சரக்குந்துகள் முன் செல்ல, பங்கேற்போர் ஆடிக்கொண்டே பின்தொடர்வர். 1990களில் ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியிலும் பிரித்தானியாவிலும், இவ்வடிவம் பரவியது. இங்கு கோரிக்கை பெரும்பாலும் முழக்கமாக அன்றி ஆட்டமாகவே வெளிப்படுகிறது. இதனால், ஆடுவது ஒரு கருத்து வெளிப்பாடா அல்லது வெறும் கேளிக்கையா என்னும் வினா நீதிமன்றங்கள் வரை சென்றது.

பின்னணி

டெக்னோ இசை 1980களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கறுப்பின இளைஞர்களால் உருவாக்கப்பட்டது. ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும் இதன் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றனர். 1989 நவம்பரில் பெர்லின் சுவர் வீழ்ந்த பின்னர், அந்நகரின் கிழக்குப் பகுதியில் உரிமையாளர் எவரெனத் தெளிவற்ற கட்டடங்கள் பல கைவிடப்பட்டுக் கிடந்தன. இளைஞர்கள் அவற்றில் நடனக் கூடங்களை அமைத்தனர். 1991 இல் தொடங்கப்பட்ட டிரெசோர், பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் நிலவறைப் பெட்டகத்தில் இயங்கியது. பெருநிறுவனங்களைச் சாராத இசை என்னும் பொருளில் வழங்கும் 'நிலத்தடி இசை' என்ற சொல், பெர்லினில் நேர்ப்பொருளிலும் உண்மையாயிற்று.

நகரம் வளம் பெற்று நிலத்தின் விலை உயர்ந்தபோது இக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வாடகை உயர்வு, இரைச்சல் குறித்த முறையீடுகள், காவல்துறைச் சோதனைகள், பாதுகாப்பு விதிகள் ஆகியவை இதற்கான பொதுவான காரணங்கள் ஆகும்.

பெர்லின் ஊர்வலங்கள்

1989 சூலையில், சுவர் வீழ்வதற்கு நான்கு மாதங்களுக்கு முன், டாக்டர் மோட்டே என்னும் இசைத்தொகுப்பாளர் மேற்கு பெர்லினில் 'லவ் பரேட்' எனும் ஊர்வலத்தை நடத்தினார். அதில் ஏறத்தாழ 150 பேரே கலந்துகொண்டனர். இது அரசியல் ஆர்ப்பாட்டமாகவே பதிவு செய்யப்பட்டது. பத்தாண்டுகளில் இவ்வூர்வலம் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடும் விழாவாக மாறியது. வணிக விளம்பரங்களும் பெருகின.

இவ்வணிகப் போக்கை எதிர்த்து, 1997 இல் 'ஹேட் பரேட்' (வெறுப்பு ஊர்வலம்) என்ற பெயரில் மாற்று ஊர்வலம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் அது ஆங்கில வசைச்சொல் ஒன்றைக் கொண்டு 'ஃபக்பரேட்' எனப் பெயர் மாற்றப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க்கால வான்தாக்குதல் காப்பரண் ஒன்றில் இயங்கிய 'பங்கர்' நடனக் கூடம் மூடப்பட்டது இதற்கு உடனடிக் காரணமாக அமைந்தது. லவ் பரேடில் இடம்பெறாத வன்மையான டெக்னோ வகைகளுக்கும் இவ்வூர்வலம் இடமளித்தது.

சட்டப் போராட்டம்

ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் கூடும் உரிமைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆர்ப்பாட்டம் என ஏற்கப்பட்டால் அனுமதி பெற வேண்டியதில்லை, முன்னறிவிப்பே போதும். காவல் ஏற்பாட்டுச் செலவை அரசே ஏற்கும். மாறாக, கேளிக்கை நிகழ்ச்சி எனக் கொள்ளப்பட்டால் சாலையைப் பயன்படுத்த உரிமம் பெற வேண்டும். துப்புரவுச் செலவும் அமைப்பாளர்மீது விழும். பணவசதியற்ற சிறு குழுவிற்கு இவ்வேறுபாடு ஊர்வலம் நடப்பதா, நின்றுபோவதா என்பதையே தீர்மானிக்கும்.

2001 இல் பெர்லின் அதிகாரிகள் இரு ஊர்வலங்களுக்கும் ஆர்ப்பாட்டத் தகுதியை மறுத்தனர். 2001 சூலை 12 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் வழங்க மறுத்தது. பொதுக் கருத்தை உருவாக்குவதில் பங்குகொள்வதே கூட்டத்தின் அடையாளம் என்றும், வாழ்க்கை உணர்வைக் காட்டும் பெருந்திரள் கொண்டாட்டம் அதில் அடங்காது என்றும் அது கருதியது.

லவ் பரேட் பொருளாதார வலிமை கொண்டிருந்ததால் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தது. ஃபக்பரேட் அமைப்பாளர்கள் வழக்கைத் தொடர்ந்தனர். 2007 மே 16 அன்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கருத்து வெளிப்பாடும் கேளிக்கையும் கலந்த நிகழ்வில் எது மேலோங்கியது என்று ஐயமின்றி முடிவு செய்ய இயலாவிடில், அதனை ஆர்ப்பாட்டமாகவே கருத வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம் ஆகும். ஐயத்தின் பயன் கூடுவோருக்கே உரியது என்ற இந்நிலைப்பாடு, ஆட்டத்தின் வழியே பேசும் பிற குழுக்களுக்கும் துணையாயிற்று.

பிற நாடுகளில்

பிரித்தானியா: 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் பல நாட்கள் நடந்த இலவச இசைவிழாவைத் தொடர்ந்து, குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டது. இதன் 63 ஆம் பிரிவு, இரவில் திறந்தவெளியில் இசையுடன் கூடும் கூட்டங்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் அளித்தது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாள அடிகளும் இசையாகக் கொள்ளப்படும் என அப்பிரிவு வரையறுத்தது. இதனைக் கேலி செய்யும் வகையில் ஆட்டெக்கர் என்ற இசை இரட்டையர், ஒரு தாளச் சுற்று மற்றொன்றை ஒத்திராத பாடல் ஒன்றை வெளியிட்டனர். சட்டத்தை எதிர்த்து 1994 இல் இலண்டனில் மூன்று பெரும் ஊர்வலங்கள் நடைபெற்றன. அக்டோபரில் நடந்த மூன்றாவது, ஹைடு பூங்காவில் மோதலில் முடிந்தது. 1996 சூலையில் 'ரிக்ளெய்ம் தி ஸ்ட்ரீட்ஸ்' இயக்கத்தினர் எம்41 விரைவுச்சாலையை மறித்து ஆடினர். பொய்க்கால் ஆட்டக்காரர்களின் அகன்ற பாவாடைகளுக்குள் மறைந்திருந்தோர் சாலையைத் துளைத்து மரக்கன்றுகளை நட்டனர். துளைப்பொறியின் ஓசையை இசை மறைத்தது.

பிரான்சு: 1996 இல் லியோன் நகரில் டெக்னோ நிகழ்ச்சி ஒன்று தடை செய்யப்பட்டதை அடுத்து டெக்னோபோல் அமைப்பு தோன்றியது. 1998 செப்டம்பரில் பாரிசில் முதல் 'டெக்னோ பரேட்' நடைபெற்றது.

ஜார்ஜியா: 2018 மே 12 அன்று அதிகாலையில் திபிலீசி நகரின் பாசியானி, கஃபே கேலரி ஆகிய நடனக் கூடங்களில் ஆயுதம் தாங்கிய காவலர் சோதனை நடத்தினர். இதனை எதிர்த்துப் பல்லாயிரவர் நாடாளுமன்றத்தின் முன் கூடி ஆடினர். மறுநாள் உள்துறை அமைச்சர் கூட்டத்தின் முன் வந்து மன்னிப்புக் கோரினார்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்திய அரசியலமைப்பின் 19(1)(ஆ) உறுப்பு, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையை வழங்குகிறது. ஆயினும் ஆட்டம் தொடர்பான புகழ்பெற்ற வழக்கு வேறு உரிமைகளைப் பற்றியது. 2005 இல் மகாராட்டிர அரசு மதுக்கூட நடனத்தைத் தடை செய்தபோது நடனப் பெண்கள் மும்பைத் தெருக்களில் போராடினர். 2013 இல் உச்ச நீதிமன்றம், தொழில் உரிமையையும் சமத்துவத்தையும் அடிப்படையாகக் கொண்டு அத்தடை செல்லாது என உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் இப்போராட்ட வடிவத்துக்கு நெருங்கிய இணையாகப் பறையாட்டத்தைக் கூறலாம். இறப்பு வீட்டில் பறையடிப்பது ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அதனால் பறையடிக்க மறுப்பதே சில ஊர்களில் போராட்டமாக இருந்தது. 1990களில் தலித் கலை இயக்கங்கள் பறையை விடுதலையின் இசைக்கருவியாக மீட்டெடுத்தன. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையிலெடுத்தனர். இன்று பேரணிகளில் பறை முன்செல்வது வழக்கமாகிவிட்டது. டெக்னோ ஊர்வலத்தைப் போலவே இங்கும், இழிவென ஒதுக்கப்பட்ட ஒலி பொதுத்தெருவிற்கு வருவதே கோரிக்கையின் பாதியாக அமைகிறது.

விமர்சனங்களும் பிற்கால நிலையும்

இரைச்சல், குப்பை, போதைப்பொருள் புழக்கம் ஆகியவை இவ்வூர்வலங்கள்மீது வைக்கப்படும் முதன்மையான விமர்சனங்கள். பெருந்திரளைக் கையாள்வதில் நேரும் தவறு உயிர்களையும் பறித்துள்ளது. 2010 சூலை 24 அன்று டூயிஸ்பர்க் நகரில் நடந்த லவ் பரேடில் நெரிசலில் சிக்கி 21 பேர் இறந்தனர். அத்துடன் அவ்விழா கைவிடப்பட்டது. எனினும் 2022 இல் டாக்டர் மோட்டே 'ரேவ் தி பிளானட்' என்ற புதிய ஊர்வலத்தை மீண்டும் ஆர்ப்பாட்டமாகவே பதிவு செய்து பெர்லினில் நடத்தினார். 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோ பண்பாடு ஜெர்மனியின் தேசிய அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் இவ்வேற்பு எந்தக் கூடத்தின் வாடகையையும் குறைக்கவில்லை. கூடங்கள் மூடப்படுவதும் நிற்கவில்லை.