கொரிய இல்லத்தில் விருந்தினராய்

விருந்தினரைப் பேணுதல் வீட்டாரின் கடமை. வீட்டாருக்குச் சுமையாகாமல் தங்குதல் விருந்தினரின் கடமை. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழியாகத் தென்கொரியா செல்லும் ஒருவர், அங்கு ஒரு குடும்பத்தோடு தங்கும்போது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

கொரிய வீட்டின் நுழைவாயிலை அடுத்துக் காலணிகளைக் கழற்றி வைக்கத் தாழ்வான இடம் ஒன்று உண்டு. காலணிகளை அங்கேயே விட்டுச் செல்லுதல் வேண்டும். நமக்கும் இது பழகிய வழக்கமே. எனினும், அங்கு மற்றொரு காரணமும் உண்டு. கொரியர் தம் வீட்டுத் தரையை அடியிலிருந்து சூடேற்றுவர். இம்முறைக்கு 'ஒண்டொல்' என்று பெயர். முற்காலத்தில் அடுப்பின் வெப்பமும் புகையும் தரைக்கற்களின் கீழே சென்றன. இக்காலத்தில் குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. அந்த வெதுவெதுப்பான தரையில் அமர்ந்து உண்பதும் உறங்குவதும் கொரியரின் நெடுநாள் வழக்கம். எனவே, அங்குத் தூய காலுறை அணிந்து நடப்பதும் மரியாதையே.

பெரியவர்களைத் தலைதாழ்த்தி வணங்க வேண்டும். பெயர் சொல்லி அழைத்தல் கூடாது. அம்மையாரை 'ஒமொனி' என்றும், ஐயாவை 'அபொஜி' என்றும் அழைக்கலாம். அவ்வீட்டுக் குழந்தைகள் தந்தையை 'அப்பா' என்றே அழைப்பதைக் கேட்டு நீங்கள் வியப்படையலாம்! நாம் வலக்கையால் கொடுப்பதை மரியாதை என்கிறோம். கொரியர் பெரியவர்களிடம் இரு கைகளாலும் கொடுப்பர், வாங்குவர்.

உணவு வேளையில் பெரியவர் உண்ணத் தொடங்கிய பின்னரே இளையோர் தொடங்குவர். சோற்றையும் சாற்றையும் கரண்டியால் உண்பர். தொடுகறிகளைக் குச்சிகளால் எடுப்பர். சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைத்தல் கூடாது. அது இறந்தோர்க்குச் செய்யும் சடங்கை நினைவூட்டும்.

புலால் உண்ணாதவர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். காய்கறி உணவாகத் தோன்றும் கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ சேர்ந்திருக்கும். பல சாறுகளை உலர்ந்த நெத்திலியிட்டுக் காய்ச்சுவர். ஆதலால், தம் உணவு வழக்கத்தைப் புறப்படுமுன்னரே வீட்டாருக்கு எழுதித் தெரிவித்தல் நலம். "சொன்னால் வருந்துவார்களோ" என்று தயங்கி, பரிமாறிய பின்னர்க் கிண்ணத்தை ஒதுக்கினால், சமைத்தவர் தம் சமையலில் குறை என்றே எண்ணி வருந்துவார். விருந்தினரும் பசியோடு உறங்க நேரிடும். முன்னரே சொல்லிய ஒரு சொல் இருவர் மனத்தையும் காக்கும்.

உண்டபின் 'ஜல் மொகொஸ்ஸும்னிதா' என்று கூறுவர். 'நன்றாக உண்டேன்' என்பது அதன் பொருள். பின்னர்க் கிண்ணங்களை எடுத்து வைக்க உதவலாம். உணவுக் கழிவு, தாள், நெகிழி, கண்ணாடி ஆகியவற்றை அங்குத் தனித்தனியே பிரிப்பர். எதனை எங்கே இடுவது எனக் கேட்டு அவ்வாறே செய்க.

மாணவர்களே, பிற மாநிலத்தில் வாழும் நாம், அண்டை வீட்டாரின் வழக்கங்களைப் பார்த்தும் கேட்டும் கற்றவர்கள். அப்பழக்கம் எந்நாட்டு இல்லத்திலும் நமக்குத் துணைநிற்கும்.

பயிற்சி

1. கொரிய வீட்டில் தூய காலுறை அணிவது ஏன் மரியாதையாகும்?
2. உணவு வழக்கத்தை முன்னரே தெரிவிப்பதால் இருவர்க்கும் விளையும் நன்மை யாது?
3. கொரிய மாணவர் ஒருவர் உங்கள் வீட்டில் தங்க வருகிறார். அவர் அறிய வேண்டிய மூன்று வழக்கங்களைக் காரணத்தோடு எழுதுக.